‘ஈவில் டெட்’ முதல் படம்: அப்படி என்னதான் இருக்கிறது?

கடைசி_பஸ்

வணக்கம் எல்லோருக்கும். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் நாலு பேர், வெள்ளவத்தை, தெஹிவளைப் பெடியள். இருபது நிமிடக் குறும்படம் ஒன்று எடுக்கப்போகிறோம். அவிசாவளைப் பக்கம் நண்பனின் பெரியப்பாவுக்கு ஒரு பழைய வீடு இருக்கிறது, சுற்றிவர றப்பர் மரம், பக்கத்து வீட்டுக்குக் கத்தினாலும் கேட்காது. கதை சுருக்கமாக: அந்த வீட்டுக் காவல்காரர் செத்துப்போகிறார், அவருடைய பிணத்துக்குள் ஏதோ ஒன்று புகுந்துகொள்கிறது, விடுமுறைக்கு வந்த பெடியளை ஒவ்வொருவராகக் கத்தியால் முடிக்கிறது, முடிந்தவர்களும் எழும்பி வருகிறார்கள். பேய், கத்திக்குத்து, சோம்பி மூன்றும் ஒரே சட்டியில். கையில் இருப்பது ஒன்றரை இலட்சம், அதில் பாதி வானுக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடும்.

எங்கள் டிரெக்டர் (அப்படித்தான் தன்னைச் சொல்லிக்கொள்கிறான்) ஸ்கிரிப்ட் எழுதும் எனக்கு ஒரு வீட்டுப்பாடம் தந்தான்: 1981இல் வந்த முதல் ‘ஈவில் டெட்’டைப் பார்த்துவிட்டுத்தான் பேனையை எடுக்க வேண்டுமாம். காட்டுக்குள் ஒரு பழைய மரவீட்டுக்கு வருகிற ஐந்து பேருக்கு ஒவ்வொருவராகப் பேய் பிடிக்கிற அமெரிக்கப் படம். போயா இரவு, வேறு வேலை இல்லை, தங்கச்சியோடு இருந்து பார்த்தேன். நாங்கள் இரண்டு பேரும் பயப்படவில்லை, சிரித்தோம். நடிப்பு பள்ளிக்கூட நாடகம். பேய் பிடித்தவர்களின் கண் கோழிமுட்டை மாதிரி. கடைசியில் எல்லாரும் உருகுகிற இடத்தில் தங்கச்சி “இது கேக் ஐசிங்” என்றாள், அதற்குப் பிறகு என்னால் அதை வேறு எதுவாகவும் பார்க்க முடியவில்லை.

உண்மையாகவே கேட்கிறேன். இந்தப் படத்தில் எது நல்லது, எது மோசம்? எங்கள் மாதிரிக் காசில்லாதவர்கள் எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது? “அது கிளாசிக் மச்சான், உனக்கு விளங்காது” என்று யாரும் எழுத வேண்டாம், அதை டிரெக்டரே ஏற்கெனவே சொல்லிவிட்டான்.

டெக்_காலத்து_ஆள்

தம்பி, நான் இதை எண்பதுகளில் பார்த்தவன். லண்டனிலிருந்து வந்த சித்தப்பா பெட்டிக்குள் சேட்டுகளுக்கு நடுவில் சுருட்டிக் கொண்டுவந்த கசட். அங்கே அந்த நேரம் வீடியோப் படங்களுக்கு எதிராகப் பெரிய சத்தம், பொலிஸ் கடைகளில் புகுந்து பறித்த கசட்டுகளில் இதுவும் ஒன்று. ஒரு இரவுக்கு வீடியோ டெக் வாடகைக்கு எடுத்தால் மூன்று படம் பார்த்தே ஆகவேண்டும், இது மூன்றாவதாகப் போட்டது, விடிய இரண்டு மணி. வீட்டில் எட்டுப் பேர் இருந்தோம், முடியும்போது எவனும் தனியாக முற்றத்துக்குப் போகவில்லை. நீர் மடிக்கணினியில், தங்கச்சியோடு, வெளிச்சத்தில் பார்த்திருப்பீர். சரி, அது உம்முடைய பிழையில்லை.

நல்லதில் இருந்து தொடங்குகிறேன். இந்தப் படத்தில் பேயைக் காட்டுவதே இல்லை. காட்டுக்குள் ஏதோ ஒன்று ஓடி வருகிறது, நாங்கள் அதன் கண்ணால் பார்க்கிறோம், அவ்வளவுதான். அதற்குச் செலவென்ன? ஒரு பலகை. நடுவில் கெமராவை இறுக்கி, இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். பலகை நீளமானதால் ஒருவர் குலுங்குவது கெமராவுக்கு அரைவாசியாகத்தான் போய்ச் சேரும், அகல லென்ஸ் மிச்சக் குலுக்கலையும் விழுங்கிவிடும். அந்த ஓட்டம் மனிதன் ஓடுகிற மாதிரியும் இல்லை, வண்டி போகிற மாதிரியும் இல்லை. அந்த இரண்டுங்கெட்டான் தன்மைதான் பயம். தண்டவாளமும் தள்ளுவண்டியும் வாங்கக் காசு இருந்திருந்தால் இது வந்திருக்காது.

இரண்டாவது, அந்த ஊஞ்சல். கவனித்தீரா? காரில் வந்து இறங்குகிறார்கள், விறாந்தையில் ஒரு ஊஞ்சல் ஆள் இல்லாமலே சுவரில் டக், டக் என்று அடித்துக்கொண்டிருக்கிறது. ஒருவன் போய்த் திறப்பை எடுக்கிறான், கை பட்டதும் ஊஞ்சல் டக்கென்று நிற்கிறது. இரத்தம் இல்லை, மேக்கப் இல்லை, ஒரு நூலைப் பிடித்து நிறுத்தியிருப்பார்கள். ஆனால் அந்த வீட்டுக்கு இவர்கள் வந்தது தெரியும் என்று உமக்கு விளங்கிவிடுகிறது. எழுதுகிற ஆள் நீர், அதனால் சொல்கிறேன், அந்த ஒரு இடத்தை நாலு தரம் போட்டுப் பாரும்.

பின்கதையும் உமக்குப் பிடிக்கும். படத்தை இயக்கிய சாம் ரைமிக்கு ஷூட்டிங் தொடங்கும்போது வயது 20. முதலில் 1978இல் அரைமணி நேரக் குறும்படம் ஒன்றை சுப்பர் 8 என்ற மலிவான சின்னப் பிலிமில் எடுத்து, அதைப் போட்டுக் காட்டித்தான் டெட்ராய்ட் பக்கத்துப் பல் டொக்டர்மார், சட்டத்தரணிகளிடம் காசு திரட்டினார்கள். மொத்தச் செலவு கிட்டத்தட்ட 3,75,000 டொலர் என்பார்கள். டெனசியில் மொறிஸ்டவுன் பக்கம் ஒரு கைவிடப்பட்ட மரவீடு, குழாய்த் தண்ணீர் கிடையாது, குளிர்காலம், கடைசி நாட்களில் குளிர் காய வீட்டுத் தளபாடத்தையே எரித்தார்களாம். 1982இல் கான் திரைப்பட விழாவில் திகில் கதை எழுத்தாளர் ஸ்டீபன் கிங் பார்த்துவிட்டுப் புகழ்ந்து எழுதியதால்தான் படத்துக்குக் கதவு திறந்தது. அதே ரைமிதான் பின்னாளில், 2002இல், ஸ்பைடர்மான் எடுத்தவர்.

மோசமானதை வேறு யாராவது சொல்லட்டும், எனக்கு இந்தப் படத்தில் பாசம் கூட.

சும்மா_வந்தவன்

விமர்சனம் ஒன்றே ஒன்று. தெரியாத வீட்டில் நிலவறை மூடி தானாகத் திறந்தால் டோர்ச் எடுத்துக்கொண்டு கீழே இறங்குவார்களா? எங்கட அம்மம்மா ஆறு மணிக்குப் பிறகு புளியமரத்துக்குக் கீழே சைக்கிளைக்கூட நிறுத்த விடமாட்டா. தமிழ்க் குடும்பம் என்றால் படம் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

நிழல்வெட்டு

நான் எடிட்டிங் செய்கிறவன், பெரும்பாலும் கலியாண வீடு, இடைக்கிடை குறும்படம். அந்தக் கண்ணால் சொல்கிறேன்.

படத்தின் மோசமான பக்கம்: தொடர்ச்சி சுத்தமாக இல்லை. கதாநாயகன் ஆஷின் சேட்டில் இரத்தம் ஒரு ஷாட்டில் கூடும், அடுத்ததில் குறையும். சில இடத்தில் தெரியும் கையும் காலும் அந்தப் பாத்திரத்தின் ஆளுடையதே இல்லை. காரணம் எளிது. ஆறு வாரத்தில் முடிக்க நினைத்த ஷூட்டிங் இழுபட்டுக்கொண்டே போனது, நடிகர்கள் சொன்ன நாளோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். மிச்சத்தைக் கூட்டாளிமாரை வைத்து, முதுகைக் காட்டி, உடுப்பை மாட்டி எடுத்தார்கள். அப்படி நின்றவர்களைப் பட முடிவில் ‘போலி ஷெம்ப்’ என்றே பட்டியல் போட்டிருக்கிறார்கள், பழைய திரீ ஸ்டூஜஸ் பகிடிப் படங்களில் ஷெம்ப் என்ற நடிகர் இறந்த பிறகு அவருக்குப் பதிலாக ஆள் நிறுத்தியதை வைத்துச் செய்த பகிடி. நடிப்பைப் பற்றி நீங்கள் சொன்னது சரிதான், முதல் இருபது நிமிட வசனம் பேப்பரைப் பார்த்து வாசிப்பது மாதிரி. ஆனால் நடிகர்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அந்த வெள்ளைக் கண் லென்ஸ் கண்ணாடித் துண்டு மாதிரித் தடிப்பு, கால் மணி நேரத்துக்கு மேல் போட்டுக்கொண்டு இருக்கவே முடியாது, போட்டால் எதுவும் தெரியாது. குருடாக நின்று கத்து, குதி, கத்தியோடு பாய் என்றால் யார் என்ன நடிப்பது?

இப்போது நல்ல பக்கம், இதைத்தான் நீங்கள் தவறவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். சத்தம். 2022இல் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் வெட்டிய நாட்களில் ஒரு இரவு, ஃபோனில் மிச்சமிருந்த சார்ஜில், காதுக்குள் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு இதைத் திரும்பப் பார்த்தேன். திரையைப் பாதி நேரம் பார்க்கவே இல்லை, வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டேன். மரம் முனகுவது, மணிக்கூடு நிற்பது, நிலவறை மூடியில் சங்கிலி இழுபடுவது, பேய் பிடித்த பெண் சின்னப்பிள்ளை விளையாட்டுப் பாட்டு மாதிரி இழுத்து இழுத்துப் பாடுவது. படம் மலிவு, சத்தம் மலிவு இல்லை. ஜோசப் லோடூகாவின் இசையும் அதே. 16 மி.மீ.இல் எடுத்துப் பெரிதாக்கிய படம் என்பதால் திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கும், அதை மன்னித்துவிடுகிறோம், ஆனால் காதில் விழுவது ஓட்டையாக இருந்தால் எவனும் மன்னிக்கமாட்டான். (எடிட்டிங்கில் உதவியாளராக இருந்தவர் ஜோயல் கோயன். ஓம், பின்னாளில் தம்பியோடு சேர்ந்து பெரிய படங்கள் எடுத்த அதே கோயன்தான்.)

உங்கள் ஒன்றரை இலட்சத்தில் மேக்கப்புக்கு ஒதுக்கியதில் பாதியை வெட்டி ஒரு நல்ல மைக் வாடகைக்கு எடுங்கள். றப்பர்த் தோட்டத்தில் இரவில் ஒரு மணித்தியாலம் சும்மா ஒலி மட்டும் பதிவு செய்யுங்கள், பிறகு நன்றி சொல்வீர்கள்.

இன்னொன்று, இரத்தம். அவர்கள் சோளப் பாகில் சிவப்பு கலரிங்கும் கோப்பியும் கலந்தார்கள், அதுதான் அந்தக் கருஞ்சிவப்பு. நாங்கள் ஒரு படத்துக்குக் கித்துள் பாணியில், அதாவது கித்துள் மரத்துப் பாகில், செய்தோம், அசல் கித்துள் விலைக்கு வேறு யாரும் செய்யமாட்டார்கள், ஆனால் எங்களுக்குக் கிடைத்தது பாதி சீனிதான், அதனால் மனவருத்தம் இல்லை. நிறம் அருமை, ஏற்கெனவே மண்ணிறமாக இருப்பதால் கலரிங் கொஞ்சம் போதும். பிரச்சினை எறும்பு. பிணமாகப் படுத்திருந்த பெடியனின் கழுத்தில் முதலில் ஒன்று, பிறகு ஒரு வரிசை. அவன் அசையாமல் கிடந்தான் பாருங்கள், கண் மட்டும் துடித்தது, ‘கட்’ சொன்ன கையோடு கிணற்றடிக்கு ஓடினான். அந்த ஷாட்டில் எறும்பு தெரிகிறது, பார்த்தவர்கள் எல்லோரும் அதை வேண்டுமென்றே வைத்தோம் என்று நினைத்துப் பாராட்டினார்கள். நாங்களும் ஓம் என்றோம்.

பதின்மூன்றுகாரி

எல்லோரும் கெமரா, மைக் என்று கதைக்கிறீர்கள், அந்த மரம் வருகிற காட்சியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. வந்தவர்களில் ஒருத்தியான செரில் தனியாகக் காட்டுக்குள் போகிறாள், கொடியும் கிளையும் அவளைப் பிடித்து என்ன செய்கின்றன என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அது பயம் இல்லை, அருவருப்பு. கதைக்கு அது தேவையே இல்லை, காட்டுக்குள் அவளை அந்தப் பொருள் பிடித்தது என்றால் போதும். ரைமியே பின்னாளில் அதை எடுத்ததற்கு வருத்தப்பட்டுச் சொல்லியிருக்கிறார். இது காசில்லாததால் வந்த குறை இல்லை. அந்த இடத்தில் கெமராவைத் திருப்பியிருந்தால் செலவு இன்னும் குறைந்திருக்கும்.

அதோடு, ஐந்து பேரில் மூன்று பேர் பெண்கள், மூன்று பேருக்கும்தான் முதலில் பேய் பிடிக்கிறது, அதற்குப் பிறகு அவர்களுக்கு வேலை சிரிப்பது, கத்துவது, வெட்டுப்படுவது. ஊரிலும் அப்படித்தானே, பேய் பிடித்தது என்றால் எப்போதும் ஒரு பெட்டைக்குத்தான், வேப்பிலையால் அடிவாங்குவதும் அவள்தான். கடைசி_பஸ் தம்பி, உங்கள் ஸ்கிரிப்டில் யார் முதலில் சாகிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு நல்லதும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நியாயம் இல்லை. பென்சில். செரில் முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலடியில் இருக்கிறாள், மற்றவர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்து என்ன சீட்டு என்று ஊகித்து விளையாடுகிறார்கள். திடீரென்று அவள் திரும்பாமலே அடுத்தடுத்த சீட்டெல்லாம் சரியாகச் சொல்கிறாள், குரல் மாறிக்கொண்டே போகிறது. திரும்பினால் கண் வெள்ளை. பிறகு ஒரு பென்சிலை எடுத்து, கூட வந்த லிண்டாவின் கணுக்காலில் குத்தித் திருகுகிறாள். தலை வெட்டுப்படுவதையும் கை துண்டாவதையும் பார்த்து நானும் சிரித்தேன், ஏனென்றால் அது எனக்கு நடக்காது. கணுக்காலில் பென்சில் குத்துவது எல்லோருக்கும் தெரியும். எனக்கு ஏழாம் வகுப்பில் உள்ளங்கையில் குத்திய கரிப்புள்ளி இன்னும் இருக்கிறது. இவர்களிடம் இருந்த மிக மலிவான ஆயுதம் அதுதான், அதுதான் வலித்தது.

முருங்கைமரம்

நான் வேறு ஒரு சண்டைக்கு வருகிறேன். இது சோம்பிப் படமே இல்லை. 1968இல் இயக்குநர் ஜோர்ஜ் ரொமேரோ ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ படத்தில் போட்டுக்கொடுத்த கணக்கில் சோம்பிக்கு மனசு கிடையாது, பசிதான், தலையில் சுட்டால் விழும். இங்கே செத்தவர்கள் கதைக்கிறார்கள், பகிடி பண்ணுகிறார்கள், நண்பனின் குரலில் அழுது ஏமாற்றுகிறார்கள், துண்டு துண்டாக வெட்டினால் ஒழிய நிற்கமாட்டார்கள். கத்திக்குத்துப் படமும் முழுதாக இல்லை, முகமூடி போட்டு வெளியிலிருந்து வரும் கொலைகாரன் ஒருவனும் இல்லை, கொல்லுகிறவர் பக்கத்தில் படுத்திருந்த காதலி. பிணத்துக்குள் புகுந்து, வாய் ஓயாமல் கதைத்து, ஆளைக் குழப்புவதற்கு எங்களிடம் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: வேதாளம். விக்கிரமாதித்தன் தோளில் தூக்கிக்கொண்டு போனது சும்மா பேய் இல்லை, பிணத்துக்குள் இருந்த பேய்.

அதனால் என்ன என்று கேட்பீர்கள். விதி தெளிவாக இருந்தால் செலவு குறையும். வேதாளத்துக்கு ஒரு விதிதான், பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும், வாய் திறந்தால் அது திரும்ப மரத்துக்கு ஏறிவிடும். மொத்தக் கதையும் அந்த ஒரு கயிற்றில் தொங்குகிறது. ‘ஈவில் டெட்’டின் பெரிய ஓட்டை என்று நான் நினைப்பது இதுதான், யாருக்கு எப்போது பிடிக்கும், எதற்காக விடும், ஆஷை ஏன் அவ்வளவு நேரம் விட்டுவைத்தது என்பதற்குப் படத்தில் கணக்கே இல்லை. வேகமாகப் போவதால் பார்க்கும்போது தெரியாது, 85 நிமிடம்தான். அடுத்த நாள் பஸ்ஸில் நின்று யோசித்தால் தெரியும்.

உங்கள் காவல்காரருக்கு ஒரு விதி கொடுங்கள். அவிசாவளையில் ஷூட்டிங் என்றால் அந்தப் பக்கத்துச் சிங்களக் கிழவர்களிடம் மஹசோனாவைப் பற்றி ஒரு தேத்தண்ணிக்குக் கேளுங்கள், சுடுகாட்டுப் பேய், உங்களுக்கு நாலு ஸ்கிரிப்டுக்குக் கதை தருவார்கள்.

டெக்_காலத்து_ஆள்

முருங்கைமரம், ஆஷை விட்டுவைத்ததுக்குக் காரணம் இருக்கிறது. ஆஷாக நடித்த புரூஸ் கேம்பெல் தயாரிப்பாளர்களில் ஒருவர். மற்றவர்கள் வீட்டுக்குப் போனாலும் அவர் போகமுடியாது!

பதின்மூன்றுகாரி பிள்ளை சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். அன்றைக்கு விடிய இரண்டு மணிக்கு எட்டுப் பெடியள் இருந்தோம், ஒருவனுக்கும் அது உறுத்தவில்லை. இப்போது மகளோடு இருந்து பார்க்க என்னால் முடியாது.

கடைசி_பஸ்

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை, நன்றி. எல்லாவற்றையும் டிரெக்டருக்கு வாசித்துக் காட்டினேன், அவனுக்குப் பிடித்தது எறும்பு மட்டும்.

அக்கா கேட்டபடி எண்ணிப் பார்த்தேன். முதலில் சாவது சுகன்யா, இரண்டாவது சுகன்யாவின் தங்கச்சி. மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். கத்தியையும் குறைத்துவிட்டேன், காவல்காரர் றப்பர்ப் பால் வெட்டுகிற அந்தச் சின்ன வளைந்த கத்தியோடுதான் வருவார், அது ஒரு பென்சில் அளவுதான் இருக்கும். விதியும் ஒன்று வைத்திருக்கிறேன்: அவர் உயிரோடு இருந்தபோது இரவில் எத்தனை தரம் வீட்டைச் சுற்றி வருவாரோ அத்தனை தரம்தான் இப்போதும் சுற்றுவார், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கதவைத் தட்டுவார், பதில் சொல்பவன் வெளியே போகவேண்டும். இது வேதாளத்திடம் களவெடுத்தது, முருங்கைமரம் அண்ணை மன்னிக்கவும்.

படத்தையும் திரும்பப் பார்த்தேன், லைட்டை நிறுத்தி, இயர்ஃபோனோடு. உருகும் இடம் இப்போதும் ஐசிங்தான், அதில் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஊஞ்சலைத் தவறவிட்டிருந்தேன், முதல் தரம் அந்த நேரம் நான் மிக்சர் பைக்கட் திறந்துகொண்டிருந்தேன்.

நேற்றுப் பலகையும் ஓடிப் பார்த்தோம். வீட்டில் பழைய கட்டில் சட்டம் ஒன்று இருந்தது, நடுவில் ஃபோனை ரப்பர் பட்டியால் இறுக்கி, இரவு ஒன்பது மணி போல வெள்ளவத்தைக் கடற்கரை மணலில் நானும் டிரெக்டரும் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு ஓடினோம். மணலில் கால் புதையும் என்பதை எவரும் இங்கே எழுதவில்லை. மூன்றாவது ஓட்டத்தில் கறுப்பு நாய் ஒன்று துரத்தத் தொடங்கியது, அதற்குப் பிறகு நாங்கள் நடிக்கத் தேவையில்லாமல் ஓடினோம், பலகையை விடவில்லை. திரும்பப் போட்டுப் பார்த்தால் முதல் இரண்டும் வெறும் குலுக்கல். மூன்றாவது பயமாக இருக்கிறது, பின்னால் அந்த மூச்சுச் சத்தமும் அப்படியே விழுந்திருக்கிறது. தங்கச்சி இதைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

அந்த நாய் யாருடையது என்று ஹம்டன் லேன் பக்கம் யாருக்காவது தெரியுமா? ஒரு காது மடங்கியது. அவிசாவளைக்கு இரண்டு நாள் கூட்டிக்கொண்டு போக வேண்டும், சாப்பாடு எங்கள் பொறுப்பு.